பிரிட்ஸ் ஹேபர்

சமநிலைக் கணக்கு வந்தாலே நம்மில் பாதிப்பேர் அந்தக் கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், ஹேபரைப் பற்றிப் படிக்கிற வரைக்கும்.

1868-ல் பிரஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் உள்ளது) யூத சாய வியாபாரி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். மூன்று வாரத்தில் தாய் இறந்துவிட்டார். பிற்பாடு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியரானார்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அம்மோனியா, அதிலிருந்து உரம். சிக்கல் என்னன்னா, உண்டான அம்மோனியா திரும்பவும் பிரிஞ்சிடும். 1904-05-ல் ஏறத்தாழ 1000 டிகிரியில் அளந்தார். சமநிலையில் அம்மோனியா 10,000-ல் ஒரு பாகம் அளவுதான். அந்த அளவே தப்பு, இன்னும் குறைவு என்று 1907-ல் விஞ்ஞானிகள் சபையில் வைத்தே நெர்ன்ஸ்ட் மறுத்தார். ஹேபருக்குப் பெரிய அவமானம். விடாமல் மறுபடி அளந்தார், அழுத்தத்தை ஏற்றினார். 4 மோல் 2 மோலாகச் சுருங்குகிற வினையாச்சே, அமுக்கினால் அம்மோனியா பக்கம்தான் சாயும். வேகத்துக்கு ஆஸ்மியம் வினையூக்கி. 1909 ஜூலையில் கம்பெனிக்காரர்கள் கண்ணெதிரே திரவ அம்மோனியா சொட்டியது.

கலவையில் 8 சதவீதம் அம்மோனியா என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 1 மோல் நைட்ரஜன், 3 மோல் ஹைட்ரஜன். நைட்ரஜனில் எக்ஸ் மோல் தீர்ந்தால் அம்மோனியா 2 எக்ஸ், மொத்தம் 4-ல் 2 எக்ஸ் குறையும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 0.08-க்குச் சமமாக்கினால் எக்ஸ் 0.148. நைட்ரஜனில் 15 சதவீதம்கூட மாறலை! மீதியை ஹேபர் வீணாக்கவில்லை. அம்மோனியாவை மட்டும் குளிரவைத்துப் பிரித்துவிட்டு, மற்ற வாயுவைத் திரும்பச் சுற்றவிட்டார். 1913-ல் ஓப்பாவில் போஷ் இதைப் பெரிய தொழிற்சாலையாக்கினார்.

எங்கப்பா தலையில் சுமக்கிற யூரியா மூட்டையும் இந்த அம்மோனியாவில் வந்ததுதான். வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் என்ற பெருமையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். மிச்சக் கதையைச் சொல்ல வாய் வரலை.

1915 ஏப்ரல் 22-ல் ஈப்ரு போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்கும் ஹேபர்தான் தலைமை. பத்தே நாளில் அவர் மனைவி கிளாரா, அவரும் டாக்டர் பட்டம் பெற்ற வேதியியலாளர், கணவரின் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். 1918-க்கான நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தபோது பலர் எதிர்த்தார்கள்.

1933-ல் நாஜி அரசு யூத ஊழியர்களை நீக்கச் சொன்னது. ஹேபர் பதவியை விட்டு நாட்டைவிட்டே போனார். 1934 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காலமானார். பிறகு கிளாராவின் அஸ்தியையும் கொண்டுவந்து அவர் பக்கத்திலேயே வைத்தார்கள்.