கலங்கரை விளக்கம் வளர்த்த வீரமங்கை

கடல் பார்ப்பதற்கு அழகியது. சினங்கொண்டாலோ மிகக் கொடியது. இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லாந்துக் கரையை அடுத்து, ஃபார்ன் தீவுகள் என்னும் பாறைக் கூட்டம் உள்ளது. கடல்நீர் ஏறும்போது அவற்றுள் பல நீருக்குள் மறைந்துவிடும். அறியாமல் வந்து மோதி உடைந்த கப்பல்கள் எத்தனையோ! அப்பாறைகளின் நடுவே வளர்ந்த கிரேஸ் டார்லிங் என்னும் நங்கையின் வாழ்வை நாம் இங்கே காண்போம்.

கிரேஸ் 1815ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் பாம்பரோ என்னும் சிற்றூரில், ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். தந்தை வில்லியம் கலங்கரை விளக்கக் காவலர். 1826இல் லாங்ஸ்டோன் பாறையில் புதிய விளக்கம் எழுந்தபோது குடும்பம் அங்கே குடியேறியது. தந்தையே ஆசான். வீட்டு வேலையும், விளக்கைக் காத்தலும், துடுப்பு வலித்தலும் அவருக்கு அன்றாடக் கடமைகள்.

1838 செப்டம்பர் 7ஆம் நாள் விடியுமுன், ஹல் நகரிலிருந்து டண்டீ நோக்கிச் சென்ற ஃபார்ஃபார்ஷயர் என்னும் நீராவிக் கப்பல், கொதிகலன் பழுதாகிப் புயலில் அலைக்கழிந்து, பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சன்னல் வழியே உடைந்த கப்பலைக் கண்ட கிரேஸ், பொழுது புலர்ந்ததும் பாறைமேல் ஆட்கள் அசைவதையும் கண்டார். தம்பியோ கரைக்குச் சென்றிருந்தான். தந்தை ஒருவரால் மட்டும் அந்தக் கடலில் படகைச் செலுத்த இயலாது. தாயும் கைகொடுத்துப் படகை நீரில் இறக்க, தந்தையும் மகளும் ஏறக்குறைய ஒரு மைல் துடுப்பு வலித்தனர்.

பாறையில் ஒன்பது பேர் உயிரோடிருந்தனர். அவர்களுள் ஒருவர், தம் இரு பிள்ளைகளின் உயிரற்ற உடல்களை அணைத்தபடி இருந்த ஒரு தாய். தந்தை பாறைமேல் தாவ, சீறும் அலைகளில் படகு நொறுங்காமல் கிரேஸ் தனியே நிறுத்திப் பிடித்தார். ஒரு கணம் கை தளர்ந்திருந்தால் எவரும் மீண்டிருக்க முடியாது! முதலில் ஐவர் காப்பாற்றப்பட்டனர். மற்ற நால்வரை, காப்பாற்றப்பட்டவர்களின் துணையோடு தந்தை மீண்டும் சென்று அழைத்து வந்தார். கடல் அடங்கும்வரை தாயும் மகளும் அனைவருக்கும் உணவும் உடையும் தந்து பேணினர்.

செய்தி பரவியது. வெள்ளிப் பதக்கம் வந்தது. விக்டோரியா அரசியார் 50 பவுன் அனுப்பினார். ஓவியர்கள் படகேறி வந்தனர். அவருடைய தலைமுடியில் ஓர் இழை வேண்டியும் கடிதங்கள் குவிந்தன. அலைகளுக்கு அஞ்சாத கிரேஸை இப்புகழ் களைப்புறச் செய்தது. கடமையைத்தானே செய்தோம் என்று எண்ணிய அவர், வழக்கம்போல் லாங்ஸ்டோனிலேயே வாழ்ந்தார். காசநோய் பற்றி, 1842 அக்டோபர் 20ஆம் நாள், தம் 26ஆம் வயதில் பாம்பரோவில் உயிர்நீத்தார். அங்குள்ள ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

அன்று காலை கிரேஸுக்குப் புதிய ஆற்றல் ஒன்றும் வந்துவிடவில்லை. நாள்தோறும் துடுப்பு வலித்துப் பழகிய கைகளே ஆபத்து வேளையில் உதவின. நம் இல்லத்திலும் பள்ளியிலும் இன்று நாம் செய்யும் சிறு பணிகளும் ஒருநாள் பிறர் உயிர் காக்கக்கூடும். அவற்றைச் செவ்வனே செய்வோம்!