விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன்

குற்றாலத்து அருவிகளைப் பொழியும் மேற்கு மலைத்தொடர் தென்காசியைக் கடந்து வடக்கே நெடுந்தூரம் செல்கின்றது. கரிசல் மண் சூழ்ந்த திருவேங்கடத்திற்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கும் அப்பால், மலையடிவாரத்தில் அமைந்த ஊர் வத்திராயிருப்பு. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1898ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் இங்குப் பிறந்தவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

கிருஷ்ணனின் தந்தையார் உழவுத்தொழிலோடு தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் ஈடுபாடு உடையவர். அப்பற்று மகனுக்கும் வாய்த்தது. உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பெற்ற கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்க் கிறித்தவக் கல்லூரியிலேயே இரசாயனத் துறையில் செய்முறை விளக்குநராக அமர்ந்தார்.

விளக்குநருக்கு வகுப்பில் சொற்பொழிவாற்றும் கடமை இல்லை. கருவிகளை அமைத்துக் கொடுத்தலே பணி. கிருஷ்ணனோ நண்பகல் உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி உரையாடத் தொடங்கினார். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய எதிலும் எவரும் எவ்வினாவும் கேட்கலாம். பாடநூலில் விடை உள்ளதா, தேர்வுக்கு வருமா என்னும் கவலை அங்கே இல்லை. கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. சென்னை நகரின் நடுவிலேயே இருந்தது. எனவே அண்டைக் கல்லூரி மாணவர்களும் இவ்வுரையாடலை நாடி வந்தனர். சம்பளத்திற்குச் செய்த பணியினும் சம்பளமின்றிச் செய்த இப்பணியே அவரது இயல்பை நன்கு காட்டுகின்றது.

விடை காணாத வினாக்களின்பால் இத்துணை நாட்டம் கொண்டவருக்குச் சென்னை போதவில்லை. 1920இல் அவர் கல்கத்தா சென்று பேராசிரியர் சி. வி. இராமனை அடைந்தார். 1923இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் அவருடன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

கடல் ஏன் நீலமாகத் தோன்றுகின்றது? 1921இல் கப்பற் பயணத்தின்போது இராமனைப் பற்றிய வினா இது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் கண்டார். அவ்வாறாயின் ஏனைய நீர்மங்கள் ஒளியை எவ்வாறு சிதறடிக்கும்? கிருஷ்ணன் 65 நீர்மங்களைத் தூய்மைப்படுத்தி ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இதனிடையே இராமனின் மாணவர் சிலர் ஒரு புதுமையைக் கண்டிருந்தனர். சிதறிய ஒளியில், உட்செலுத்திய நிறத்தினின்று வேறான ஒரு மங்கிய ஒளியும் கலந்திருந்தது. நீர்மத்தில் எஞ்சிய மாசே இதற்குக் காரணம் என்று கொள்வது எளிது. முதலில் அவ்வாறே கருதப்பட்டது.

1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வையத்தைத் தீர்க்கும் பொறுப்பு கிருஷ்ணனிடம் வந்தது. அவர் பயன்படுத்திய கருவிகளின் எளிமை வியப்பூட்டுவது. ஒளிக்குச் சூரியன், அதனைக் குவிக்க 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்றும் சிறு வில்லை ஒன்றும், நோக்குவதற்குத் தம் கண். ஒளியின் வழியில் நீல ஊதா நிற வடிகட்டியை வைத்தார். அதனோடு மஞ்சள் பச்சை வடிகட்டியையும் வைத்தபோது ஒளி முற்றும் மறைந்தது. முதலாவது விட்ட ஒளியை இரண்டாவது தடுத்துவிட்டது. இனி, இரண்டாவதை மட்டும் எடுத்து நீர்மத்திற்கும் கண்ணிற்கும் இடையே வைத்தார். அப்போதும் இருளே தோன்றவேண்டும். ஆயின் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தோன்றிற்று! நீர்மத்துள் நுழைந்த நீல ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவந்தது என்பதே இதன் பொருள்.

மாசினால் விளைந்ததோ? வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் வடித்த நீர்மங்களிலும் அவ்வொளி நீங்கவில்லை. ஏறக்குறைய 60 நீர்மங்களைச் சோதித்தனர், ஒன்றேனும் விலக்காகவில்லை. பிப்ரவரி 7ஆம் நாள் இரவு, காலையில் கண்டதன் உட்பொருள் விளங்கிய மகிழ்ச்சியில், இராமனே கிருஷ்ணனின் இல்லத்திற்கு வந்து அழைத்து அதனைக் கூறினார். கிருஷ்ணனின் நாட்குறிப்பால் இதனை அறிகின்றோம். இருவரும் கையொப்பமிட்ட கடிதம் 16ஆம் நாள் எழுதப்பெற்று, மார்ச் 31இல் இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

கடிதத்தில் பெயர்கள் இரண்டு. விளைவு ‘இராமன் விளைவு’ எனப்பட்டது. 1930இல் நோபெல் பரிசும் இராமனுக்கே கிடைத்தது. வினாவை எழுப்பி ஏழாண்டுகள் விடாது தொடர்ந்தவர் அவராதலின் அது தகும். எனினும் அந்நாட்களின் நுண்ணிய சோதனைகளில் கிருஷ்ணன் கொண்ட பங்கு சிறிதன்று.

பின்னர் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற கிருஷ்ணன், படிகங்களின் காந்த இயல்பை ஆராயலானார். இங்கும் கருவி எளியதே. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்தப் புலத்தினிடையே தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். காந்தத்தின் பிடியிலிருக்கும் படிகம் சற்றே திரும்பும். முறுக்கு ஓர் எல்லையைக் கடந்ததும் திடுமெனப் புரண்டுவிடும். அவ்வெல்லைக் கோணத்தைக் கொண்டு, படிகத்தின் காந்த இயல்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகின்றது எனக் கணக்கிட்டார். 1933இல் மீண்டும் கல்கத்தா; 1942இல் அலகாபாத். இடையே, 1940இல், இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

1947இல் புதுடில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அதன் கட்டடம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். நிருவாகம் பல ஆராய்ச்சியாளர்களை விழுங்கிவிடுவது உண்டு. கிருஷ்ணனோ இயக்குநராக இருந்த காலத்திலும், வெற்றிடத்தில் மின்னோட்டத்தால் சூடேறும் மெல்லிய கம்பியில் எவ்விடத்தில் எவ்வளவு வெப்பநிலை நிலவும் என்று தம் இளைய துணைவருடன் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். அப்பொறுப்பில் இருக்கும்போதே 1961 ஜூன் 14ஆம் நாள் டில்லியில் காலமானார்.