பிரேக் தந்த பெரியவர்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் பாதை வளைந்து வளைந்து செல்லும். அங்கே காரில் போவோரின் உயிர் பிரேக்கில்தான் இருக்கிறது.

சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்துவது டிஸ்க் பிரேக். 1902-ல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்துப் பொறியாளர் பிரடெரிக் லாஞ்செஸ்டர். 1868-ல் லண்டனில் பிறந்தவர்.

கவ்வும் பாகத்துக்கு அவர் செம்பு வைத்தார். புழுதிச் சாலையில் செம்பு சீக்கிரம் தேய்ந்தது. காது கூசக் கிறீச்சிட்டது. அவருடைய யோசனை கிடப்பில் போயிற்று. முதுமையில் பணமுடையால் வாடிய அவர், 1946-ல் காலமானார்.

1953-ல், பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. உலகம் விழித்துக்கொண்டது. பார்க்கத்தான் அவர் இல்லை!

இன்று, கவ்வியாகிய காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல் கண்டால், மெக்கானிக் உடனே புதியது மாட்டுகிறார். மலை இறங்கும் குடும்பம் பத்திரமாக வீடு சேர்கிறது.