கூடாரம் அடித்த டாக்டர்

கீரமங்கலமானாலும் அமிர்தசரஸானாலும், பிள்ளைக்குப் புத்தி தடுமாறினால் பெற்றோர் வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர்களும் உண்டு.

டாக்டர் வித்யாசாகர் 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்தார். அங்கே கூட்டமோ கூட்டம்! டாக்டர்களோ கொஞ்சம் பேர்.

அவர் ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்தார். நோயாளியோடு தாய், தகப்பன், உற்றார் வந்து தங்கலாம் என்று ஏற்பாடு செய்தார். பக்கத்துக் கூடாரத்திலும் அதே கவலைதான். ஒருவரைப் பார்த்து மற்றவர் தேறினார்கள். டாக்டர் அவர்களை ஒன்றாக உட்கார வைத்து, இது பேயல்ல, நோய் என்று விளக்கினார். சங்கிலியும் பூட்டும் செய்யாத வேலையைச் சொந்தக்காரர்கள் செய்தார்கள்.

நம் வேலூரில் 1957-ல் தொடங்கிய மனநல நிலையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குகிறார்கள். குழந்தைகள் பிரிவில் தாய்க்கும் பயிற்சி தருகிறார்கள்.