குழவிகளின் காவலர் ஜேம்ஸ் கிராண்ட்

போரில் வென்றோரின் பெயர்களை வரலாறு எளிதில் மறப்பதில்லை. குழந்தைகளின் பொருட்டுப் போரையே சில நாள் நிறுத்திவைக்கச் செய்த ஒருவரை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? யுனிசெப் எனும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தை 1980 முதல் 1995 வரை வழிநடத்திய ஜேம்ஸ் கிராண்ட் அவர்களே அப்பெருமகனார்.

அவர் 1922-இல் சீனத்தின் பீக்கிங் நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் கிராண்ட் அந்நகர மருத்துவக் கல்லூரியில் பொதுநலவாழ்வுத் துறையை வளர்த்தவர். பின்னாளில் கல்கத்தாவிலும் அத்துறை நிறுவனம் ஒன்றிற்குத் தலைமை தாங்கியவர். வருமுன் காத்தலே சிறந்த மருத்துவம் என்னும் கொள்கை மைந்தருக்குத் தந்தைவழிச் செல்வமாயிற்று. பொருளியலும் சட்டமும் பயின்ற மைந்தர், 1950-களின் பிற்பகுதியில் இலங்கையில் அமெரிக்க உதவித் திட்டத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

யுனிசெப் பொறுப்பை அவர் ஏற்ற காலத்தில், உலகில் நாள்தோறும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் மடிந்தனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் அவர்களைக் கொண்டுசென்றன. மருந்து இல்லாமையால் அன்று. இருந்த மருந்து ஏழையின் குடிசையை எட்டாமையால்! எனவே 1982-இல் குழந்தை உயிர்காப்புப் புரட்சியை அவர் அறிவித்தார். எடை பார்த்தல், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்குமே அதன் படைக்கலங்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, நாட்டுத் தலைவர்களிடம் எடுத்துக் காட்டுவார்.

இதற்கு மறுப்பும் எழுந்தது. தூய குடிநீர், உணவு, மருத்துவ நிலையம் ஆகியவை இன்றி இந்நான்கு மட்டும் போதுமா என அறிஞர் பலர் வினவினர். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், அனைத்தும் அமையும்வரை சாகும் குழந்தை காத்திராது என்பதை நாம் மறத்தலாகாது.

உள்நாட்டுப் போரில் எரிந்த எல்சால்வடாரில், அவர்தம் முயற்சியாலும் திருச்சபையின் தூதாலும், 1985-இல் மூன்று நாள்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் தடுப்பூசி பெற்றனர். 1980-இல் வளரும் நாடுகளில் நூற்றுக்கு இருபது குழந்தைகளைக்கூட எட்டாதிருந்த தடுப்பூசி, 1990-இன் முடிவில் எண்பது பேரை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், குழந்தைகளுக்கென நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் 71 நாட்டுத் தலைவர்கள் அமர்ந்தனர்.

1995 சனவரி 28-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. குழந்தை உரிமை உடன்படிக்கையில் தம் நாடு ஒப்பமிட வேண்டுமென்பது அவரது இறுதி வேண்டுகோள். அடுத்த மாதமே அமெரிக்கா ஒப்பமிட்டது. எனினும் இன்றுவரை அதற்கு ஏற்புறுதி வழங்கவில்லை. 1990-இல் ஐந்து வயதிற்குள் இறந்தோர் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேல். 2022-இல் ஏறத்தாழ 49 இலட்சம். பிழைத்த குழந்தைகள் அவர் பெயரை அறியார். எஞ்சிய 49 இலட்சமோ நம் தலைமுறையின் கடன்.