மணலைப் படித்த இன்ஜினீயர்

ரேடியேட்டர் கொதிச்சா நாம என்ன பண்ணுவோம் நண்பர்களே? தண்ணி ஊத்துவோம். பாலைவனத்தில் தண்ணிக்கு எங்கே போவது? ரால்ஃப் பாக்னால்டு (1896–1990) ரேடியேட்டர் ஆவியை ஒரு குழாய் வழியாகத் தண்ணி டப்பாவுக்குள் விட்டுக் குளிரவைத்து, திரும்ப ரேடியேட்டருக்கே போக வைத்தார். மெக்கானிக்கல் மாணவனான எனக்கு அவரைப் பிடித்துப்போக இது ஒன்றே போதும்!

பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினீயர். எகிப்தில் இருந்தபோது லீவு கிடைத்தால் ஃபோர்டு காரில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். அங்கே மணலில் வரிவரியாக அலை விழுந்திருக்குமே, அது ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1935-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தானே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி, உள்ளே மணலைப் போட்டுப் பார்த்தார்.

மணல் தூசி மாதிரி மிதந்து போவதில்லை. துள்ளித் துள்ளிப் போகிறது. விழும் மணல் கீழே கிடப்பதைத் தட்டிவிடுகிறது. காற்றைப் பார்த்த சரிவில் அடி அதிகம், மறைவுச் சரிவில் குறைவு. முன்பக்கம் அடிபட்ட மணல் முகடு தாண்டிப் பின்பக்கம் தங்குவதால் வரியே மெல்ல நகர்கிறது. 1941-ல் இதைப் புத்தகமாக்கினார். 1944-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

ஒன்றில் மட்டும் சறுக்கினார். ஒரு துள்ளலின் நீளம்தான் வரிகளின் இடைவெளி என்று நினைத்தார். சின்ன வரிகள் முதலில் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் செவ்வாய்க் கிரக மணலை ஆராயப் போனவர்கள் கையிலும் அதே 1941 புத்தகம்தான்.