பொம்மைப் பீரங்கிக்கு விதி வகுத்த வெல்ஸ்

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறையைக் கண்டு திரும்பும் நம் மாணவர்கள், அங்குப் பீரங்கி வார்த்த உலைக்களத்தைப் பற்றி வியந்து பேசுவதுண்டு. பீரங்கியை வார்ப்பது ஒரு கலை. அதனை எப்போது சுடலாம், எப்போது அது பகைவனுக்கு உரியதாகும் என வரையறுப்பது மற்றொரு கலை. பொம்மைப் பீரங்கியைக் கொண்டு அவ்விரண்டாம் கலையை முறைப்படுத்தியவர் எச்.ஜி.வெல்ஸ்.

இங்கிலாந்திலுள்ள புரோம்லியில் 1866 செப்டம்பர் 21ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சிறு கடைக்காரர், கிரிக்கெட் ஆட்டக்காரருமாவார். அன்னையார் செல்வர் மாளிகையில் பணிபுரிந்தவர். சிறுவயதில் கால் முறிந்து படுக்கையிற் கிடந்த நாள்களே வெல்ஸை நூல்களின்பால் ஈர்த்தன. துணிக்கடைப் பயிற்சி வேலையை வெறுத்து நீங்கி, உதவித்தொகை பெற்றுத் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1895இல் வெளிவந்த ‘கால இயந்திரம்’ அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

1903இல் அவர் எழுதிய சிறுகதை ஒன்றில், துப்பாக்கிகள் பொருத்திய இரும்பு ஊர்திகள் பதுங்குகுழிகளைக் கடந்து வந்து ஒரு படையையே முறியடிக்கின்றன. அப்போது டாங்கி என்னும் சொல்லுக்கு அப்பொருளே இல்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1913இல், ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் விளையாட்டு விதிநூலை வெளியிட்டார். ஈயப் பொம்மை வீரர்களும், மரக்குண்டை வில்விசையால் எய்யும் சக்கரப் பீரங்கியுமே அதன் கருவிகள். ஆறங்குல எல்லைக்குள் தன் பக்கத்து வீரர் நால்வரேனும் இல்லையெனில் பீரங்கியைச் சுடவும் கூடாது, நகர்த்தவும் கூடாது. நால்வர் இருப்பினும், ஒரு முறையில் சுடலாம் அல்லது நகர்த்தலாம். இரண்டும் செய்தல் ஆகாது. சுட்டால் நான்கு குண்டுகள் வரை. குறிபார்க்கச் சக்கர அச்சின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு திருப்பலாம்.

கைப்பற்றும் விதிதான் நுட்பமானது. உரியவர் பக்கத்தில் ஒருவரும் ஆறங்குலத்துள் இருத்தல் கூடாது. தாக்குவோர் நால்வரேனும் பீரங்கியின் அச்சைக் கடந்து முன்னேறியிருத்தல் வேண்டும். அருகில் வந்தாலே போதும் என்றிருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் வழக்காடு மன்றமாகியிருக்கும்! அச்சு கண்ணாற் காணத்தக்க எல்லை; அதன்மேல் வாதத்திற்கு இடமில்லை. நிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி, கரந்தை எனப் பயின்ற நம் மாணவர்க்கு இவ்வரையறையின் அருமை எளிதில் விளங்கும்.

உண்மைப் போரைவிட இந்தப் பொம்மைப் போரே மேலானது என்று அந்நூலிலேயே வெல்ஸ் வாதாடினார். ஆனால், 1914இல் உலகப்போர் மூண்டபோது அதனை ஆதரித்து எழுதியவரும் அவரே. இம்முரணை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதல் நேர்மையாகாது. 1916 செப்டம்பர் 15இல் பிரான்சின் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாகப் புகுந்தன. அங்கே முறை மாற்றி ஆடுவோரும் இல்லை, வீழ்ந்தோரை மீண்டும் எடுத்து நிறுத்துவோரும் இல்லை.

1914இல் வெளியிட்ட ஒரு புதினத்தில் அணுகுண்டையும் அவர் கற்பனை செய்திருந்தார். ஹிரோஷிமா எரிந்த செய்தியைக் கேட்கும் வரை உயிரோடிருந்து, 1946 ஆகஸ்டு 13இல் இலண்டனில் காலமானார்.